கற்குவியலிலிருந்து ஒரு பிரமிடு: ஏழு படி, 359 கன அடி

நாங்குநேரிக்குக் கிழக்கே எங்கள் புஞ்சையில், வடக்கு வரப்போரமாக ஒரு கற்குவியல் கிடந்தது. தாத்தா காலத்திலிருந்து உழவுக்கு உழவு கொழுவில் மாட்டுகிற கல்லைப் பொறுக்கிப் போட்டுச் சேர்ந்த குவியல். வள்ளியூர், ராதாபுரம் பக்கம் செம்மண் காடு வைத்திருக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. கிரஷருக்கு ஏற்றிவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தபோது எனக்கு மனசு வரவில்லை. மூன்று தலைமுறை குனிந்து பொறுக்கிய கல்லை ஜல்லியாக்குவதைவிட, அந்த இடத்திலேயே உருவமாக நிறுத்தலாம் என்று தோன்றியது.

உருவம் என்றால் எது? சுவர் என்றால் செதுக்கிய கல் வேண்டும். மண்டபம் என்றால் தூண், உத்தரம், செலவு. பிரமிடு ஒன்றுதான் கோணல்மாணல் கல்லை வைத்தே கட்டக்கூடியது. கீழே அகலம், மேலே குறுகல், உள்ளே முழுக்க நிரப்பு. எந்தக் கல்லும் அந்தரத்தில் நிற்க வேண்டியதில்லை.

எவ்வளவு பெரிய பிரமிடு என்பதைக் குவியல்தான் சொல்ல வேண்டும். ஆகவே முதலில் குவியலை அளந்தோம். கூட வந்தவள் அண்ணன் மகள், பத்தாம் வகுப்பு. அடியைச் சுற்றிக் கயிறு போட்டால் 66 அடியும் ஒரு சாணும். சாணை விட்டுவிட்டு 66 என்றே வைத்துக்கொண்டோம், 22/7-க்கு வசதி. உச்சி கூர்மையாக இல்லை. ஆட்கள் ஏறி நின்று போட்டுப் போட்டுத் தட்டையாகியிருந்தது. அந்தத் தட்டையின் சுற்றளவு 22 அடி. இரண்டு கம்பு நட்டு, நூல் கட்டி, மட்டம் பார்த்ததில் உயரம் நாலரை அடி.

நான் கூம்பு என்று எழுத ஆரம்பித்ததும் அவள் நிறுத்தினாள். "சித்தப்பா, இது இடைக்கண்டம்லா? மேல வெட்டுன கூம்பு." சரிதான். அடி ஆரம் 10½, மேல் ஆரம் 3½. இரண்டின் வர்க்கங்களோடு இரண்டின் பெருக்கலையும் சேர்த்தால் 110¼ + 12¼ + 36¾ = 159¼. அதை 22/7-ஆல் பெருக்கினால் 500½. உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஒன்றரை. மொத்தம் 751 கன அடி. லாரிக்காரர் கணக்கில் 100 கன அடி ஒரு யூனிட், ஆக ஏழரை யூனிட்.

இந்தச் சூத்திரத்தின் சதுர வடிவம் எகிப்தில் ஏறக்குறைய நாலாயிரம் ஆண்டுக்கு முன்பே தெரிந்திருந்தது. மாஸ்கோ பாப்பிரஸ் என்று சொல்லப்படும் ஏட்டின் 14-ஆம் கணக்கு அதுதான்: அடிப்பக்கம் 4, மேல்பக்கம் 2, உயரம் 6. எழுத்தன் 16, 8, 4 மூன்றையும் கூட்டி 28 என்கிறான். 6-இல் மூன்றில் ஒன்று 2. விடை 56. நாங்கள் வரப்பில் உட்கார்ந்து போட்டதும் அதே நடைதான், வட்டம் என்பதால் 22/7 மட்டும் கூடுதல்.

751 கன அடி என்பது காற்றோடு சேர்த்து. உள்ளே எவ்வளவு கல், எவ்வளவு சந்து என்று தெரியாமல் திட்டம் போட முடியாது. இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. மூடி வெட்டிய 200 லிட்டர் பீப்பாயில் குவியலிலிருந்து பெரிசும் சிறிசுமாகக் கல்லை அள்ளி விளிம்பு வரை நிரப்பினோம். அப்புறம் பத்து லிட்டர் வாளியால் தண்ணீர். எட்டு வாளி முழுசாகப் போய், ஒன்பதாவதில் கொஞ்சம் போனதும் தண்ணீர் விளிம்புக்கு வந்துவிட்டது. 82 லிட்டர், அதாவது 41 விழுக்காடு சந்து. பீப்பாயின் வளைந்த சுவரோரம் கல் ஒட்டி உட்காராது, அங்கே சந்து கொஞ்சம் அதிகமாகவே விழும். அதனால் குவியலுக்கு 40 என்று எடுத்துக்கொண்டோம். அப்படியானால் கெட்டிக் கல் 450 கன அடி.

கட்டும்போது பத்துக்கு ஏழு பங்கு கல், மூன்று பங்கு கலவையும் சரளையும் என்று வைத்தேன். 450-ஐ 0.7-ஆல் வகுத்தால் 643. அஸ்திவாரத்தையும் சேர்த்து 643 கன அடி வரை கட்டலாம்.

இனி பிரமிடு. சாய்வைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். எகிப்தியர் கோணத்தைப் பாகையில் சொல்லவில்லை. ஒரு முழம் உயர்ந்தால் எத்தனை உள்ளங்கை உள்ளே தள்ள வேண்டும் என்று சொன்னார்கள். அவர்களுடைய அரச முழத்துக்கு ஏழு உள்ளங்கை. கீசாவில் கூஃபுவின் பெரிய பிரமிடுக்கு 5½ உள்ளங்கை, பக்கத்தில் காஃப்ரேயின் பிரமிடுக்கு 5¼. கொத்தனாருக்கும் இப்படிச் சொன்னால்தான் கை வேலை செய்யும். பாகையில் சொன்னால் அதை எந்த மூலைமட்டத்தில் பார்ப்பார்? நான் எடுத்தது: ஓர் அடி ஏறினால் 9 அங்குலம் உள்ளே. 12-க்கு 9 என்றால் 7-க்கு 5¼. காஃப்ரேயின் சாய்வேதான். 9, 12, 15 என்று 3-4-5 முக்கோணம் வருவதால் நூல் பிடித்துச் சரிபார்க்கவும் தோது.

அடிப்பக்கம் 11 அடி என்று வைத்தால், இந்தச் சாய்வில் கூர்நுனி 7 அடி 4 அங்குலத்தில் வரும். புத்தகச் சூத்திரப்படி கன அளவு 121-ஐ 7⅓-ஆல் பெருக்கி மூன்றால் வகுத்தது, 296 கன அடி. ஆனால் இது வழவழப்பான சரிவுள்ள பிரமிடுக்கு. வயல் கல்லை வைத்து வழவழப்பாகச் சரிக்க முடியாது, படிப்படியாகத்தான் ஏற்ற முடியும். எகிப்திலும் முதலில் வந்தது படிதான். சக்காராவில் ஜோசர் மன்னருக்கு இம்ஹோதெப் கட்டியது ஆறு படி. வழவழப்பான முகம் பிற்பாடு வந்தது.

எங்கள் படிகள் ஏழு, ஒவ்வொன்றும் ஓர் அடி உயரம். ஒவ்வொரு படிக்கும் இருபுறமும் 9 அங்குலம் உள்வாங்கினால் பக்கங்கள் 11, 9½, 8, 6½, 5, 3½, 2. வர்க்கங்களைக் கூட்டினால் 121 + 90¼ + 64 + 42¼ + 25 + 12¼ + 4 = 358¾. உயரம் ஓர் அடி என்பதால் அதுவே கன அடி. 296-க்கும் 359-க்கும் 63 கன அடி வித்தியாசம், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். சரிவுக் கோட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற மூலைகள் அவ்வளவு கல்லைத் தின்கின்றன. படியை அரை அடி உயரமாக்கி, நாலரை அங்குலம் உள்வாங்கி, பதினான்கு படியாக வைத்தால் 327-தான் வரும். மிச்சம் பாதியாகக் குறைகிறது. படி சிறுத்துக்கொண்டே போனால் கடைசியில் அந்த 296-இல் போய் நிற்கும். மூன்றில் ஒரு பங்கு எங்கிருந்து வருகிறது என்று மருமகப்பிள்ளை முதல் பக்கத்து வயல்காரர் வரை கேட்டார்கள். இந்த மூன்று எண்ணையும் வரிசையாக எழுதிக் காட்டினால் போதுமானதாக இருந்தது. வர்க்கங்களை அடுக்கிக் கூட்டும் கணக்கு நம் பக்கத்திலும் பழையது. 499-இல் ஆரியபட்டர் அதைச் சொன்னபோது குவியல், அடுக்கு என்கிற பொருளில்தான் பெயர் வைத்தார்.

ஏழு படியா, எட்டா என்று ஒரு நாள் ஆசை வந்தது. கீழே இன்னொரு படி சேர்த்தால் அதன் பக்கம் 12½ அடி. அந்த ஒரு படிக்கு மட்டும் 156 கன அடி. அஸ்திவாரம் 13½ அடிச் சதுரமாகி 182 ஆகும். மொத்தம் 697. குவியல் தாங்குவது 643. ஏழு படிக்கு 359, அஸ்திவாரம் 12 அடிச் சதுரம், ஓர் அடி ஆழம், 144. கூட்டினால் 503. ஏழோடு நின்றோம்.

எடையைப் பார்த்தால், நம் பக்கத்துக் கருங்கல் கெட்டியாக ஒரு கன அடி 75 கிலோ. சந்தும் சரளையும் கலந்த கட்டுமானம் 60-க்கு மேல். மொத்தத்தில் 22 டன்னுக்குக் குறையாது. நடுவில் ஏழடி உயரத்துக்கும் கல் இருப்பதால் அங்கே ஒரு சதுர அடிக்கு 450 கிலோ போல அழுத்தும். இறுகிய செம்மண் சரளைக்கு இது பெரிய பாரமில்லை. மேல்மண்ணை வெட்டி எடுத்துவிட்டு ஓர் அடி வானம் தோண்டினதே போதும். கரிசல் காடாக இருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டேன். மழைக்கு உப்பி வெயிலுக்கு வெடிக்கிற மண்ணில் இன்னும் ஆழமாக இறங்க வேண்டும்.

அடுத்து, எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. ஓரத்தில் வெளியே தெரிகிற கல்லுக்கு ஒரு முகமாவது தட்டையாக இருக்க வேண்டும். உள்ளே போகிற கல் எப்படி இருந்தாலும் சரி. அப்படியானால் முகக்கல் எவ்வளவு தேவை? ஓரத்தில் 9 அங்குல அகலத்துக்கு முகக்கல் என்று வைத்தேன். 11 அடிச் சதுரத்தில் நாலு பக்கமும் 9 அங்குலம் விட்டால் உள்ளே மிஞ்சுவது 9½ அடிச் சதுரம். அடுத்த படியின் அளவும் 9½ அடிதான். ஆக ஒரு படியின் முகக்கல் வரிசை என்பது மேலிருந்து பார்த்தால் தெரிகிற அந்தப் படியின் மிதிபரப்பேதான். எல்லாப் படியின் மிதிபரப்பையும் உச்சியையும் கூட்டினால் அடித்தளத்தின் 121 சதுர அடி வந்துவிடும், எத்தனை படி வைத்தாலும். உச்சிப் படிக்குள் நடுவில் அரை அடிச் சதுரம் கழிந்தால் முகக்கல் 120¾ கன அடி. 359-இல் மூன்றில் ஒரு பங்கு. மீதி 238-ம் உள்நிரப்பு.

இது தெரிந்த பிறகு குவியலைப் பிரிப்பது எளிதாயிற்று. முகக்கல் ஒன்றரை யூனிட் குவியலாகச் சேரும் வரை பொறுக்கினால் போதும், முழுக் குவியலையும் புரட்டிப் புரட்டி ஆராய வேண்டியதில்லை. கடப்பாரையால் நெம்பி, சற்று நேரம் விட்டு, அப்புறம்தான் கை வைத்தோம். பழைய கற்குவியலில் சுருட்டைப் பாம்பும் தேளும் இல்லாமல் இருக்காது. மூலைக்கல்தான் கஷ்டம். ஒரு படிக்கு இரண்டு வரி, ஒரு வரிக்கு நாலு மூலை, ஏழு படிக்கு 56 மூலைக்கல். இரண்டு முகம் தட்டையாக வேண்டும். நம் பக்கத்துக் கல்லில் வெள்ளையும் கறுப்புமாக வரி ஓடும். அந்த வரியோடு சம்மட்டியால் தட்டினால் பலகை போலப் பிளக்கும், குறுக்கே தட்டினால் சிதறும். கொத்தனார் ஒவ்வொரு கல்லையும் தரையில் உருட்டி, வரி எந்தப் பக்கம் போகிறது என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஓங்கினார். தட்டினால் கணீரென்று கேட்காத உக்கிய கல்லெல்லாம் அஸ்திவாரத்துக்கும் போகவில்லை, தனியே ஒதுக்கிவிட்டோம்.

என் முகக்கல் கணக்கைக் காட்டியபோது அவர் உடனே கேட்டார். "அண்ணாச்சி, சுத்தி ஒம்பது இஞ்சுக் கல்லையே வச்சிட்டு வந்தா, மேல்படியோட முகம் எது மேல உக்காரும்? நேரா சந்து மேலல்லா உக்காருது?" உண்மை. முகக்கல்லும் உள்நிரப்பும் சேருகிற கோட்டுக்கு நேர் மேலேதான் அடுத்த படியின் ஓரம் வருகிறது. உள்நிரப்பு கொஞ்சம் தணிந்தாலும் ஓரம் பிளந்துவிடும். அதற்கு அவர் சொன்ன வழி, நாலு கல்லுக்கு ஒரு கல் ஒன்றரை அடி நீளத்தில் உள்ளே குத்தி இறங்க வேண்டும். முகத்தில் பார்த்தால் அது மற்றக் கல் மாதிரியே இருக்கும், உடம்பெல்லாம் உள்ளே. மேல்படி அதன் முதுகில் உட்காரும். நீளக்கல் எல்லாவற்றையும் அன்றைக்கே தனியே எடுத்து வைத்தோம். கன அளவு மாறவில்லை, ஆனால் எந்தக் கல் எங்கே என்பது மாறியது. பரப்பும் கன அளவும் சொல்லாத சங்கதி இது.

சிமெண்டுக்கு வருவோம். முழுப் பிரமிடையும் கலவையில் கட்டினால் 108 கன அடி கலவை வேண்டும். அது வீண். முகக்கல்லுக்கு மட்டும் கலவை, உள்ளே சில்லும் சரளையும் போட்டுக் குத்தி இறுக்குவது என்று முடிவு. முகக்கல்லில் பத்துக்கு மூன்று பங்கு 36 கன அடி. மிதிபரப்பு 121 சதுர அடிக்கு ஓர் அங்குலக் கனம் பூச இன்னொரு 10. மொத்தம் 46. தண்ணீர் விட்டால் கலவை சுண்டும் என்பதால் உலர்ந்த பொருளாக அதைப் போல 1.3 மடங்கு, 60 கன அடி. ஒன்றுக்கு ஆறு என்றால் ஏழில் ஒரு பங்கு சிமெண்ட், எட்டரைக்குச் சற்று மேல். மூட்டை ஒன்றே கால் கன அடி. ஆக ஏழு மூட்டை, எம்-சாண்ட் அரை யூனிட். நிற்கிற முகங்களின் பரப்பையும் கணக்கிட்டு வைத்தேன். பக்கங்களின் கூட்டல் 45½, நாலால் பெருக்கினால் 182 சதுர அடி. சந்துகளைக் கரண்டியால் கீறி அடைக்கிற கூலியை அந்தக் கணக்கில் பேசிக்கொண்டோம்.

ஆனி, ஆடியில் ஆரம்பிக்கவில்லை. பணகுடிப் பக்கம் காற்றாலை சுற்றுகிற அந்தக் காற்று எங்கள் காட்டிலும் வீசும். கலவை வைத்த கையோடு ஈரத்தை உறிஞ்சிவிடும். ஆவணி பிறந்த பிறகு தொடங்கி, ஈரச்சாக்கு போட்டு மூடி, ஐப்பசி மழைக்கு முன் முடிப்பதாகத் திட்டம். அப்படியே முடிந்தது.

சதுரம் போட மூலைவிட்டத்தை நம்பினோம். 11 அடிச் சதுரத்துக்கு 15 அடி 6⅔ அங்குலம். இரண்டு மூலைவிட்டமும் நூலளவு பிசகாமல் ஒன்றாகும் வரை முளையை நகர்த்தினோம். நடுவில் ஒரு ஜி.ஐ. பைப்பைத் தூக்குக்குண்டு பார்த்து நட்டு, கடைசி வரை நிற்க வைத்தோம். ஒவ்வொரு படி முடிந்ததும் பைப்பிலிருந்து நாலு மூலைக்கும் அளவு பார்ப்பது. இதில் சோம்பல் பட்டால் பிரமிடு மெல்லத் திருகிக்கொள்ளும், தூரத்தில் நின்று பார்க்கும்போதுதான் தெரியும்.

மழைத் தண்ணீர் உள்ளே போகாமல் இருக்காது என்று வைத்துக்கொண்டே வேலை செய்தோம். ஒவ்வொரு மிதிபரப்புக்கும் வெளிப்பக்கமாகக் கால் அங்குலம் வாட்டம் கொடுத்தோம். அதையும் மீறி இறங்குவது வடிய, அடிப்படியில் பக்கத்துக்கு இரண்டாகக் குழாய்த் துண்டு பதித்தோம். உள்ளே தேங்குகிற தண்ணீர் சரளை மண்ணை அரித்துக்கொண்டு போனால் முகம் வெளியே தள்ளும். குழாயின் உள்வாயில் சில்லை அடுக்கியதும் அதற்காகத்தான்.

வேலை போகிற வேகத்தையும் எண்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டன. கீழ் இரண்டு படியிலேயே 211 கன அடி, மொத்தத்தில் 59 விழுக்காடு. மேல் மூன்று படியும் சேர்ந்து 41 கன அடிதான். எல்லாக் கல்லையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் ஒரு கல் தரையிலிருந்து இரண்டடி உயரம்தான் தூக்கப்பட்டிருக்கிறது. ஆகவே சாரம் கட்டுகிற செலவுக்கு நான் பயப்படவில்லை. கடைசிப் படிகளுக்கு இரண்டு பீப்பாயும் பலகையும் போதுமானதாக இருந்தது. வழவழப்பான பிரமிடில் இந்தச் சராசரி உயரம் சரியாகக் கால் பங்கு. காஃப்ரேயின் பிரமிடு முதலில் 143½ மீட்டர் உயரம். அங்கேயும் சராசரிக் கல் ஏறியது 36 மீட்டர் போலத்தான். ஆனால் அதன் அடிப்பக்கம் 215 மீட்டர், எங்களுடையதைப் போல 64 மடங்கு. கல்லோ 64-ஐ மூன்று முறை பெருக்க வேண்டும், இரண்டரை லட்சம் மடங்குக்கு மேல். முதல் படிக்கு 121 கன அடி சுமந்து முடித்த அன்று சாயங்காலம் இந்த எண்ணைச் சொன்னபோது சித்தாள் அக்கா இடுப்பில் கை வைத்தபடி, "அத்தனையும் ஆளுதான் தூக்குனாகளா?" என்று கேட்டார். ஆட்கள்தான், கயிறும் சறுக்குப் பலகையும் மண் சரிவும் வைத்து இழுத்தார்கள் என்றேன்.

எல்லாம் முடிந்தபின் மீதிக் குவியலை அளந்தோம். கணக்குப்படி 587 கன அடிக் குவியல் செலவாகி 164 மிஞ்ச வேண்டும். ஒதுக்கிய உக்கிய கல்லையும் சேர்த்துக் கூட்டி வைத்தால் சுற்றளவு 44 அடி, உயரம் இரண்டரை அடி, இப்போது கூர்நுனியோடு கூம்பாகவே இருந்தது: 128 கன அடி. 36 கன அடி கூடுதலாக உள்ளே போயிருக்கிறது. பின்னோக்கிக் கணக்குப் போட்டால் கட்டுமானத்தில் கல்லின் பங்கு 70 அல்ல, 74. ஒவ்வொரு சந்திலும் சில்லை அடித்து இறக்கிய கொத்தனார் கையின் வேலை அது. அதனாலேயே ஏழாவது மூட்டையில் பாதி மிஞ்சியது. சந்தை அடைக்கக் கலவையைக் கொட்டாமல் சில்லைத் தேடுகிற கொத்தனார் கிடைத்தால் 75 என்றே வைத்துக் கணக்குப் போடலாம். கலவைக்குச் சிக்கனம், கல்லுக்குத்தான் கொஞ்சம் கூட வேண்டும்.

மிஞ்சிய 128-இல் கெட்டிக் கல் 77 கன அடி. இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரத்துக்கு வாய்க்கால் கரை கட்டினால் 34 அடி நீளம் வரும். உக்கிய கல்லைக் கழித்தாலும் கிணற்றிலிருந்து முதல் வளைவு வரை உள்ள 28 அடிக்குக் காணும். தை அறுப்பு முடிந்ததும் அதே கொத்தனார் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.